காசிம் பாயின் காதும் இருபது லிட்டர் டீசலும்

“சைலன்சர மாத்தினதுலேர்ந்து வண்டி டீசல ஊத்த ஊத்தக் குடிக்குது, காரணம் தெரிஞ்சவங்க சொல்லுங்க” என்று போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். புதுச்சேரியில் லாரி, பஸ் ரிப்பேர் பார்த்து ஓய்ந்தவர்களும் இன்னும் ஓயாதவர்களும் இருக்கிற குழு அது. அரை மணி நேரத்தில் இருபது பதில் வந்துவிட்டது. குழாய் சின்னதாக இருக்கும், குழாய் பெரிதாக இருக்கும், சென்சாரைப் பார், கம்ப்யூட்டரை மாட்டிப் பார். எல்லாமே சரியான பதில்தான். ஆனால் எனக்குத் தெரிந்த பதில் அதில் இல்லை. கை பரபரவென்று ஊறியது. செல்போனில் கட்டைவிரலால் தட்டித் தட்டிப் பார்த்தேன், நாலு வரிக்கு மேல் பொறுமை இல்லை. அதனால்தான் இந்தத் தாளும் பேனாவும்.

நான் முத்தியால்பேட்டைக்காரன், பெயர் முருகேசன். அப்பா மில் தொழிலாளி. எனக்கு மில் பிடிக்கவில்லை. மெட்ராஸில் ஒரு பம்ப் கடையில் இரண்டு வருஷம் கரியில் புரண்டு, டீசல் பம்பைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டு, எழுபத்தொன்றில் ஊர் திரும்பித் தட்டாஞ்சாவடியில் ஒரு லாரி ஷெட்டில் சேர்ந்தேன். தணிகாசலம் என்பவர் முதலாளி. மொத்தம் ஆறு லாரி. இங்கிருந்து நூல் மூட்டையும் அட்டைப் பெட்டியும் மெட்ராஸுக்குப் போகும், அங்கிருந்து இரும்பு வரும். பயிற்சிக் காலத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

ஷெட்டுக்குத் தலைமை அருளப்பன். பிரெஞ்சு ராணுவத்தில் லாரிப் பிரிவில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் எங்களை வாட்டி எடுக்க வந்து சேர்ந்தார். அவரை ‘ஷெஃப்’ என்றுதான் கூப்பிடுவோம். இப்போது டிவியில் சமையல்காரரைச் சொல்கிறார்களே அந்த ஷெஃப் இல்லை. பிரெஞ்சில் தலைவர் என்று அர்த்தம். லாரியைக் ‘கமியோன்’ என்பார், முதலாளியை ‘முசே’ என்பார். நாள் முழுக்க என்ஜினுக்குள் தலையை விட்டாலும் அவருடைய காக்கிச் சட்டையில் ஒரு பொட்டுக் கரி ஒட்டாது. எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவரிடம் ஒரே ஒரு தொல்லை. எதையும் ஒரு தடவைதான் சொல்வார். நான் சேர்ந்த புதிதில் ஒரு ஃபிட்டர், “என்னா சொன்னீங்க ஷெஃப்?” என்று கேட்டுவிட்டான். அவர் அவன் கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாக வாங்கி, அந்த வேலையைத் தானே செய்து முடித்து, ஸ்பேனரைத் துடைத்து அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு ஒரு வாரம் அவனோடு பேச்சே இல்லை. அதிலிருந்து எங்கள் ஷெட்டில் ‘என்னா சொன்னீங்க’ என்ற கேள்வியே செத்துப்போனது. புரிந்தாலும் தலையாட்டுவோம், புரியாவிட்டாலும் தலையாட்டுவோம்.

டீசல் அளக்க அவர் வைத்திருந்த முறையையும் சொல்லிவிட வேண்டும். லாரி கிளம்பும்போது டேங்க் கழுத்துவரை நிரம்பியிருக்கும். திரும்பி வந்ததும் சிமென்ட் தரையில் அதே இடத்தில், அதே சக்கரக் கோட்டில் நிறுத்த வேண்டும். இரண்டு பேர் வண்டியைப் பிடித்து ஆட்டி, உள்ளே சிக்கியிருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு ஐந்து லிட்டர் செம்பு அளவையால் பீப்பாயிலிருந்து முகந்து, வாய்விட்டு எண்ணி, திரும்பக் கழுத்துவரை ஊற்ற வேண்டும். நுரை அடங்க ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருந்து கடைசிச் சொச்சத்தை ஊற்ற வேண்டும். ஊற்றியது எவ்வளவோ அதுதான் அந்த நடைக்குச் செலவு. மெட்ராஸ் போய்வர எங்கள் வண்டிகளுக்கு எண்பது லிட்டர். ஒன்று கூடும், ஒன்று குறையும். அவ்வளவுதான்.

காசிம் பாய் எங்கள் மூத்த டிரைவர். கோட்டக்குப்பத்தில் வீடு. அப்போது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். அவர் வண்டியில் ஸ்பீடாமீட்டர் முள் செத்து ரொம்பக் காலம். “சரி பண்ணிடட்டா பாய்?” என்றால், “எனக்கு எதுக்குப்பா அது?” என்று சிரித்தபடி காதைத் தட்டிக் காட்டுவார். பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டுகிற மனிதர் அவர். கியர் மாற்றுவது நமக்குத் தெரியவே தெரியாது. வண்டி தானாக மாற்றிக்கொள்வதுபோல இருக்கும்.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, பாயின் வண்டி சைலன்சர் உப்புக் காற்றில் அரித்து ஓட்டை விழுந்து, தெருவே அதிருகிற மாதிரி கத்த ஆரம்பித்தது. உண்மையில் வருஷக்கணக்காகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கத்திக்கொண்டுதான் இருந்தது, போலீஸ்காரர் ஒருவர் நிறுத்திச் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. கம்பெனி சைலன்சர் வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். “எதுக்கு மொதலாளி? நானே செய்யறேன்” என்றேன். அப்போது எனக்கு வயது இருபத்தேழு, வாய் அதைவிடப் பெரிசு.

நாலு நாள் உட்கார்ந்து செய்தேன்! பழையதைவிட அரை அங்குலம் அகலமான குழாய். அதில் சுற்றிலும் கையாலேயே டிரில் போட்டு நூற்றுக்கணக்கில் துளை. அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சை இறுக்கிச் செருகி, மேலே தகட்டை உருட்டி வெல்டிங். புகை எங்கேயும் முட்டாமல் நேராகப் போகும், சத்தத்தைப் பஞ்சு விழுங்கிவிடும். மாட்டி ஸ்டார்ட் செய்ததும் ஷெட்டே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. கத்தல் போய், அடிவயிற்றிலிருந்து கும்மென்று ஒரு கார்வை. பாயே கை தட்டினார். “என்னா தம்பி, லாரியக் கச்சேரிக்கு அனுப்பறியா?” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த நடை வந்து டீசல் ஊற்றினோம். பதினாறு அளவையில் நிரம்ப வேண்டிய டேங்க் பதினேழு, பதினெட்டு என்று வாங்கிக்கொண்டே போனது. சரியாக இருபது அளவை. நூறு லிட்டர்! எண்ணியதில் தப்பு என்று நினைத்தோம். அடுத்த நடையும் நூறு. அதற்கடுத்ததும் நூறு.

தொண்ணூற்று மூன்றோ நூற்றெட்டோ வந்திருந்தால் யாருக்கும் கெட்ட எண்ணம் வந்திருக்காது. கூடுதலாக வந்தது நடைக்கு இருபது லிட்டர். அந்தக் காலத்தில் ஒரு தகர டின்னின் கொள்ளளவு இருபது லிட்டர். ஒவ்வொரு நடைக்கும் அச்சடித்தாற்போல ஒரு டின் டீசல் காணாமல் போனால் ஊர் என்ன நினைக்கும்? வழியில் டீக்கடை ஓரமாக நிறுத்தி டின்னில் இறக்கி விற்கிற டிரைவர்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். முதலாளி டேங்க் மூடிக்கு சீல் வைத்தார். சீல் அப்படியே இருந்தது, டீசல் மட்டும் போனது. “மிச்ச டீசல் டேங்க்குக்குத் திரும்பற ரிட்டன் பைப்பக் கழட்டிப் புடிச்சா சீல் என்னா பண்ணும்?” என்று யாரோ அவர் காதில் ஓதினார்கள்.

நான் வண்டியைக் குடைந்தேன். ஏர் ஃபில்டரைக் கழற்றி உதறினேன். ஆறு இன்ஜெக்டரையும் பெஞ்சில் வைத்துப் பீய்ச்சிப் பார்த்தேன், பூத்தூறல்போல அழகாக அடித்தது. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று சக்கரம் சக்கரமாகத் தூக்கிச் சுற்றிவிட்டேன், ராட்டினமாகச் சுற்றியது. ஒழுகல் இல்லை. புகை இல்லை. வண்டியில் ஒரு குறையும் இல்லை!

முதலாளி என்னைக் கூப்பிட்டார். “முருகேசா, நீயே ஒரு நடை ஓட்டிட்டு வா.” எனக்கு லாரி லைசென்ஸ் இருந்தது. துள்ளிக்கொண்டு கிளம்பினேன். நூறு லிட்டர் குடிக்கிறதை நானும் பார்த்துவிட்டால் பாய் தப்பித்தார், குற்றம் வண்டிமேல் விழும் என்று கணக்கு. அதே லோடு, அதே ரோடு. திரும்பி வந்து ஊற்றினோம். பதினாறாவது அளவையில் டேங்க் தளும்பியது. எண்பது லிட்டர்!

காப்பாற்றப் போனவன் தூக்குக் கயிற்றை முதலாளி கையில் கொடுத்துவிட்டு நிற்கிறேன்.

முதலாளி பதினாறு பேர் பார்க்க, பாயிடம் திரும்பினார். “இப்ப என்னா சொல்ற? எந்தக் கடையில எறக்கற? நீயே சொல்லிடு.” பாய் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போனேன். “திருடன்னு சொன்னதுகூடப் போவட்டும் தம்பி. பதிமூணு வருஷமா ‘வாங்க பாய், போங்க பாய்’னு பேசின மனுஷன், இன்னிக்கு நீ-ன்னு சொல்லிட்டாரே” என்றார். அந்தப் பெயரோடு வெளியே போனால் திண்டிவனம் வரை எந்த ஷெட்டும் அவர் கையில் சாவி கொடுக்காது. அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

ஷெஃப் மட்டும்தான் குறுக்கே வந்தார். “முசே, ஒரு வாரம் குடுங்க.”

“சனிக்கிழம வரைக்கும். அதுக்கு மேல சாவிய வாங்கிடுவேன். போலீசுக்குப் போறதா வேணாமான்னு அப்புறம் யோசிக்கறேன்” என்றார் முதலாளி.

மறுநாள் காலை பாய் லோடோடு கிளம்பும்போது ஷெஃப் கேட்டருகில் போய் நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். வண்டி முதல் கியரில் நகர்ந்து, இரண்டாவது மாறி, மூன்றாவது மாறி, முனை திரும்பி மறைகிறவரை அப்படியே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “ரெழீம். ரெழீமக் கொறைக்கணும், முருகேஸ்” என்றார். நான் தலையாட்டினேன். அவர் அக்கா மகள் கல்யாணத்துக்கு மத்தியானமே காரைக்காலுக்கு பஸ் ஏறிவிட்டார்.

ரெழீம் என்றால் என்ன? எனக்குத் தெரியாது! கேட்டிருக்கலாமே என்று இப்போது நீங்கள் கேட்பீர்கள். அந்த ஸ்பேனரை வாங்கின முகத்தை நீங்கள் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் லூசி அக்கா என்று ஒரு நர்ஸ். கான்வென்டில் பிரெஞ்சு படித்தவர். சைக்கிளை அவர் வாசலில் போட்டுவிட்டு, “அக்கா, ரெழீம்னா என்னா?” என்றேன். அக்கா முறத்தில் அரிசி புடைத்தபடியே, “பத்தியம்பா. சக்கர வியாதிக்காரங்களுக்கு டாக்டர் எழுதிக் குடுப்பாரே, இத தின்னு அத தின்னாதன்னு, அதான். யாருக்கு, உங்கப்பாவுக்கா?” என்றார்.

“இல்லக்கா, லாரிக்கு” என்றேன்.

அக்கா புடைப்பதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் எனக்கு மண்டைக்குள் பல்பு எரிந்தது. பத்தியம்! வண்டி அதிகம் குடிக்கிறது, அதனால் வண்டிக்குப் பத்தியம் போடச் சொல்லியிருக்கிறார். பம்பில் டீசலைக் குறைக்க வேண்டும். என்ன மூளை இந்த மனிதருக்கு!

பம்பில் டீசலின் உச்ச அளவைக் கட்டுப்படுத்துகிற ஒரு திருகு இருக்கும். அதில் கம்பி கோத்து ஈய சீல் போட்டிருக்கும். ஷெஃப்பின் அனுமதி இல்லாமல் அந்த சீலை வெட்டினால் வேலை போய்விடும். அவரே சொன்ன பிறகு என்ன பயம்? பாய் வந்ததும் சீலை வெட்டி, திருகை அரைச் சுற்று உள்ளே கொடுத்து, “பாய், இனிமே கவலைய வுடுங்க” என்று அனுப்பினேன்.

இரண்டாம் நாள் பாய் இறங்கி வந்த கோலத்தை இன்றும் மறக்க முடியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “தம்பி, வண்டி மூச்சே வுடல. ஏத்தத்துல மாட்டு வண்டிக்காரன் என்னைத் தாண்டிப் போயிட்டு, திரும்பிப் பாத்து சிரிக்கறான். வழி பூரா ரெண்டாவது கியர்லயும் மூணாவது கியர்லயுமே உருட்டிக்கிட்டு வந்தேன்” என்றார். அளந்து ஊற்றினோம். நூற்றாறு லிட்டர். முதலாளி ஓரமாக நின்று பார்த்துவிட்டு, “ஒரு டின்னு பத்தல போலருக்குது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஷெஃப் வந்தார். பானெட்டைத் தூக்கினார். பம்பைப் பார்த்தார். ஈய சீல் இல்லாத கம்பி வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. கையைக் கைக்குட்டையில் துடைத்தார், ஒவ்வொரு விரலாக. “யார் கை வச்சது?”

“நான்தான் ஷெஃப். நீங்கதான் சொன்னீங்க, ரெழீமக் கொறைக்கணும்னு. பத்தியம் போட்டேன்.”

“என்னா போட்ட?”

வாழ்க்கையில் அந்த மனிதர் ஒன்றை இரண்டாம் தடவை கேட்டது அன்றைக்குத்தான். “பத்தியம், ஷெஃப். லூசி அக்காவக் கேட்டேன்.”

அவர் முகம் சிவந்தது. தோள் குலுங்கியது. அடிக்கப்போகிறார் என்று ஒரு அடி பின்னால் போனேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்! மட்கார்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். காக்கிச் சட்டையில் முதல்முறையாக ஒரு பெரிய கரித்தடம் விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. “பத்தியமும் ரெழீம்தான்டா. மோட்டார் நிமிஷத்துக்கு எத்தினி சுத்து சுத்துது, அதுவும் ரெழீம்தான். பாய் மோட்டார ரொம்ப சுத்த வுடறாரு, கொறைக்கச் சொல்லுன்னேன். நீ கமியோனப் பட்டினி போட்டியா?”

அப்புறம் என்னை உட்காரவைத்து, முதன்முறையாக, ஒன்றை முழுசாக விளக்கினார். “பாய்க்கு மீட்டர் கெடையாது. காதுதான் மீட்டர். மோட்டார் இந்த அளவுக்குக் கத்தினா மேல் கியர், இந்த அளவுக்கு முனகினா கீழ் கியர். ஓட்ட சைலன்சரோட பழகின காது அது. நீ கத்தற சத்தத்தப் புடுங்கிட்ட. கத்தட்டும் கத்தட்டும்னு அவர் காத்துக்கிட்டே கெடக்கறாரு, மோட்டார் சுத்திக்கிட்டே கெடக்குது. உன் சைலன்சரோட கார்வ வேற, மோட்டார் முனகற மாதிரியே கேக்குது. வண்டி திணறுதுன்னு நெனச்சு ஒரு கியர் எறக்கிடறாரு. சுத்து கூடக் கூட டீசலும் கூடக் கரையுது.”

“அப்ப நான் ஓட்டறப்ப எப்டி ஷெஃப் எண்பது?”

“நீ மெக்கானிக். மோட்டார் கொஞ்சம் சுத்தினாலே உனக்கு வயித்தக் கலக்கும். சீக்கிரம் சீக்கிரம் மாத்திட்டுப் போயிருப்ப.”

நூற்றுக்கு நூறு! மெட்ராஸ் போய்வந்த வழியெல்லாம் நான் அப்படித்தான் ஓட்டினேன். எனக்கு எழுந்து ஆடவேண்டும்போல இருந்தது. பாய் திருடன் இல்லை! ஆனால் முதலாளி இதை நம்பவேண்டுமே. “நாளைக்குக் காமிச்சிடலாம். பழைய சைலன்சர் எங்க?” என்றார் ஷெஃப்.

என் ஆட்டம் அங்கேயே நின்றது. வைத்திக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மீனவர், காற்றில் பறக்காமல் வலையை அமுக்கி வைக்கப் பாரமாக எதையாவது கொடு என்று கேட்டு, அதை அப்போதே தூக்கிக்கொண்டு போயிருந்தார். சைக்கிளை மிதித்த மிதியில் பெடல் கழன்று வராதது என் அதிர்ஷ்டம். கடற்கரையில் படகு படகாகத் தேடினேன். அவர் கடலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி மீன் கூடையோடு வந்தார். “அந்த ஓட்ட உருளையா? எதுக்கு?”

“ஒரு மனுஷன் மானம் அதுல இருக்குது அக்கா.”

“மானத்த எதுக்குடா மணல்ல போட்டு வச்ச?” என்று திட்டிக்கொண்டே, வலையைத் தூக்கி எடுத்துக் கொடுத்தார். கேரியரில் கட்டிக்கொண்டு தட்டாஞ்சாவடி வரை வந்தேன். வழியெல்லாம் ஓட்டை வழியாக மணல் கொட்டிக்கொண்டே வந்தது. அன்று மாலைக்குள் ஷெஃப் பம்பை பெஞ்சில் ஏற்றிப் பழைய அளவுக்கு வைத்து, புது ஈய சீல் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை. ஷெட் முழுக்க ஆள். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஷெஃப்பிடம் கைக்கு அடக்கமான சுற்று மீட்டர் ஒன்று இருந்தது. என்ஜினில் சுற்றுகிற புல்லியின் நடுவில் அதன் நுனியை அழுத்திப் பிடித்தால் வேகத்தை முள் காட்டும். அதை நான் பிடித்துக்கொண்டேன். பாய் வண்டிக்குள் உட்கார்ந்தார். பானெட் திறந்திருந்ததால் அவருக்கு எங்களைத் தெரியாது, எங்களுக்கு அவரைத் தெரியாது.

“பாய், ஆக்சிலேட்டர மெதுவா அமுக்குங்க. எந்த சத்தத்துல மேல் கியர் போடுவீங்களோ அங்க ‘ம்’ சொல்லுங்க.”

என் புது சைலன்சரோடு வண்டி கும்மென்று ஏறியது. முள் ஏறியது, ஏறியது, இன்னும் ஏறியது. “ம்” என்றார் பாய். மீட்டர் கண்ணாடியில் ஷெஃப் சிவப்பு மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். திரும்ப. “ம்.” அதே கோடு. மூன்றாம் தடவை. “ம்.” அதே கோடு! மயிரிழைகூடத் தள்ளவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தக் காது எப்பேர்ப்பட்ட காது!

அரை மணி நேரத்தில் புதியதைக் கழற்றிப் பழையதை மாட்டினோம். ஸ்டார்ட் செய்ததும் மிச்ச மணல் பறந்து கூட்டம் சிதறியது. கத்தல் ஆரம்பித்தது. முள் ஏறத் தொடங்கி, பாதி தூரம் வந்த உடனே, “ம்.” ஷெஃப் நீலப் பென்சிலால் கோடு போட்டார். இன்னும் இரண்டு தடவை. இரண்டும் நீலக் கோட்டின்மேலேயே நின்றன. நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே என் கட்டைவிரல் அகலம் இடைவெளி.

ஷெஃப் மீட்டரை முதலாளி கையில் வைத்தார். “வுவாலா முசே, பாத்துக்குங்க. உங்க இருபது லிட்டர் இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்குது. டின்னுல இல்ல.”

முதலாளி கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் இறங்கியதே தவிர மனம் முழுசாக இறங்கவில்லை. “கோடெல்லாம் சரி. டேங்க்ல காமிங்க” என்றார்.

“காமிக்கலாம். பழைய சைலன்சரோடயே அனுப்பிடறேன்” என்று அதன் போல்ட்டை இறுக்க நான் ஸ்பேனரை எடுத்தேன். பாய் கீழே இறங்கினார். “வேணாம். புதுச மாட்டு.”

“பாய், அதுலதான உங்க காது ஏமாறுது!”

“பழச மாட்டினா, பாய்க்காக வண்டிய மாத்தினாங்கம்பாங்க. வண்டி மாற வேணாம். காத நான் மாத்திக்கறேன்.”

இப்போது எழுதும்போதும் உடம்பு சிலிர்க்கிறது. பதிமூன்று வருஷப் பழக்கத்தை ஒரே நடையில் மாற்றுவேன் என்கிறார்! தோற்றால் சாவி போய்விடும், பெயரும் போய்விடும்.

நான் துணைக்கு ஏறிக்கொண்டேன். ஊரைத் தாண்டும்வரை நான் பக்கத்திலிருந்து, “இப்ப போடுங்க பாய், இப்ப” என்று கத்திக்கொண்டு வந்தேன். கிளியனூர் தாண்டியதும், “கொஞ்சம் சும்மா இரு தம்பி” என்றார். பாட்டு இல்லை. இடது உள்ளங்கையைக் கியர் தண்டின் குமிழ்மேல் லேசாக வைத்துக்கொண்டார். “இந்தத் தண்டு நடுங்குது பாரு. வேகம் ஏற ஏற நடுக்கம் பொடியாவுது. சத்தந்தான் மாறிச்சு, நடுக்கம் மாறல” என்றார். அதற்குப் பிறகு மெட்ராஸ் வரை நான் வாயைத் திறக்கத் தேவையே வரவில்லை. திரும்பி வரும்போது திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம், என்னை அறியாமல் தூங்கிவிட்டேன். விழித்தபோது பாய் பாடிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மாலை ஷெட்டுக்குள் நுழைந்தோம். ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஒருவர்கூட வீட்டுக்குப் போகாமல் காத்திருந்தார்கள். அதே இடம், அதே சக்கரக் கோடு. வண்டியை ஆட்டினோம். செம்பு அளவையை முதலாளியே கையில் வாங்கிக்கொண்டார். ஊற்ற ஊற்ற எல்லோரும் சேர்ந்து எண்ணினோம். பதிமூணு! பதினாலு! பதினஞ்சு! எழுபத்தைந்து லிட்டர். பதினாறாவது அளவையைக் கவிழ்த்தார். பாதிக்கு மேல் இறங்கியதுமே டேங்க் கழுத்தில் டீசல் வந்து நின்றுவிட்டது. நுரை அடங்கட்டும் என்றார் ஷெஃப். டீ வந்தது, யாரும் தொடவில்லை. நுரை அடங்கியது. அதற்கு மேல் ஒரு சொட்டு பிடிக்கவில்லை. அளவையில் இரண்டு லிட்டர் மிச்சம். எழுபத்தெட்டு!

புகை முட்டாமல் போகிற என் சைலன்சர் உண்மையிலேயே நல்ல சைலன்சர்தான் என்பது அந்த நொடியில்தான் எனக்கே தெரிந்தது. நான் போட்ட கூச்சல் முத்தியால்பேட்டை வரை கேட்டிருக்கும்.

பாய் அமைதியாக அளவைக்குள் எட்டிப் பார்த்தார். “மொதலாளி, வழக்கத்தவிட ரெண்டு லிட்டர் கொறையுது. இத நான் எங்க வூட்லேர்ந்து கொண்டாந்து ஊத்திட்டேனான்னு கேக்க மாட்டீங்களா?”

ஷெட் வெடித்துச் சிரித்தது. முதலாளி அளவையைக் கீழே வைத்தார். தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிறாற்போல, “தப்பு என்மேலதான் பாய்” என்றார்.

பாய் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டார். “கேக்கல மொதலாளி. என் காதுதான் தப்புக் காதாச்சே. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் எவ்ளோ சத்தமா சொன்னீங்களோ, அவ்ளோ சத்தமா சொன்னாத்தான் கேக்கும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி நிமிர்ந்தார், எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஷெட் தகரம் அதிரச் சொன்னார்: “தப்பு என்மேல, காசிம் பாய்! நீங்க திருடல!”

“இப்ப கேட்டுச்சு” என்று சொல்லிவிட்டு, பாய் ஆறிப்போயிருந்த டீயை எடுத்துக் குடித்தார்.